குறை பிளேயரிலா, ஹெட்போனிலா?

கேள்வி: நடைப்பயிற்சியின்போதும் பஸ்ஸிலும் கச்சேரிப் பதிவுகள் கேட்பதற்காக 2,500 ரூபாயில் சிறிய மியூசிக் பிளேயர் ஒன்று வாங்கினேன். அதனுடன் வந்த இயர்போனில் மிருதங்கத்தின் தொப்பி (கனத்த நாதம் தரும் பக்கம்) கேட்கவே இல்லை. மகனுடைய விலை உயர்ந்த இயர்போனை மாட்டினால் பாட்டுக்குப் பின்னால் 'ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல். குரலும் அவன் செல்போனில் கேட்பதுபோல் இல்லை. வீட்டில் 250 ஓம் ஸ்டூடியோ ஹெட்போன் ஒன்று இருக்கிறது. அதில் சினிமாப் பாட்டு பரவாயில்லை. கச்சேரியோ முழு வால்யூமில்கூடச் சன்னமாகத்தான் ஒலிக்கிறது. 3,000 ரூபாய்க்கு ஓர் ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா, அல்லது பிளேயரைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா? என்னிடம் உள்ள எம்பி3 கோப்புகளை, ஒலியின் விவரம் எதையும் உதறாத ஃபிளாக் வகைக்கு மாற்றினால் பயன் உண்டா? (வாசகர், திருச்சி)

பதில்: ஆம்ப்ளிஃபயர் வேண்டாம். பிளேயரையும் அவசரப்பட்டுத் திருப்ப வேண்டாம். நீங்கள் சொல்லியிருக்கும் மூன்று குறைகளுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள். பிளேயரே மோசமாக இருந்தால் மூன்று ஹெட்போன்களிலும் ஒரே குறை தெரிந்திருக்கும். ஒவ்வொன்றிலும் வேறு வேறு குறை தெரிகிறது என்றால் பிளேயரும் ஹெட்போனும் சேரும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

விலை குறைவு என்பதாலேயே ஒலி தாழ்ந்துவிடாது. 2007-இல் சான்டிஸ்க் வெளியிட்ட சான்சா கிளிப் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது, விலையும் மலிவு. அதன் வெளியீட்டு இம்பீடன்ஸ், அதாவது ஹெட்போனுக்கு மின்சாரம் போகும் வழியில் கருவியே காட்டும் தடை, ஏறத்தாழ 1 ஓம்தான். அது குறைவாக இருப்பதே நல்லது. பல மடங்கு விலையுள்ள கருவிகள் சிலவற்றில்கூட அந்தச் சுத்தம் இருக்கவில்லை. இந்த இம்பீடன்ஸ் என்ன செய்யும் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் 250 ஓம் ஹெட்போன், ஏனென்றால் கடைக்காரரின் யோசனை அதையொட்டித்தான் வந்திருக்கிறது.

இத்தகைய சிறிய பிளேயர்கள் தரும் மின்னழுத்தம் அட்டையில் அச்சாகியிருக்காது. அரை வோல்ட் என்று வைத்துக் கணக்கிட்டால் பெரிதாகப் பிசகாது. 250 ஓம் ஹெட்போனுக்குள் அரை வோல்ட் செலுத்தினால் கிடைக்கும் திறன் சரியாக 1 மில்லிவாட். அந்த ரகத்தில் பரவலாகப் புழங்கும் பேயர்டைனமிக் டிடி 990 புரோவை எடுத்துக்கொண்டால், 1 மில்லிவாட்டுக்கு அது எழுப்பும் ஒலி 96 டெசிபெல். கேட்பதற்குப் பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் அது உச்சம்; பதிவில் உள்ள மிகப் பலத்த ஒலி மட்டுமே அதைத் தொடும். கச்சேரிப் பதிவில் அந்த உச்சத்தை எட்டுவது மிருதங்கத்தின் ஒரு சாப்போ, தனி ஆவர்த்தனத்தின் இறுதித் தீர்மானமோதான். குரலும் வயலினும் சராசரியாக அதற்கு 20 டெசிபெல் வரை கீழே நிற்கும். ஆக உங்கள் காதுக்கு வந்து சேர்வது 76 டெசிபெல் அளவே. இன்றைய சினிமாப் பாடல்களை ஒலியின் ஏற்ற இறக்கத்தை அமுக்கி, சராசரியை உச்சத்துக்கு மிக அருகில் கொண்டுபோய்த்தான் வெளியிடுகிறார்கள். அதே பிளேயரில் அதே வால்யூமில் அவை 10 டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதில் வியப்பில்லை. நீங்கள் இரண்டையும் ஒப்பிட்டு எழுதியது நல்லதாயிற்று. பாதி விடை அதிலேயே இருந்தது.

அப்படியானால் ஆம்ப்ளிஃபயர் உதவும்தானே என்பீர்கள். உதவும், வீட்டில். ஆனால் நீங்கள் கேட்கப்போவது பஸ்ஸில். ஸ்டூடியோ ஹெட்போன்களில் டிடி 990 போன்றவை பின்புறம் திறந்தவை. வெளியே இருப்பதெல்லாம் உள்ளே வரும். பஸ்ஸின் இரைச்சலை ஆம்ப்ளிஃபயர் கொண்டு அடக்க முயல்வது காதுக்கு நீங்களே வைத்துக்கொள்ளும் வேட்டு. போதாததற்கு, பிளேயர், ஆம்ப்ளிஃபயர், இரண்டு வயர், இரண்டு சார்ஜர். காலை நடைக்கு இவ்வளவு மூட்டையா?

இதற்கு முன் பிளேயரின் அமைப்புகளில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். ஐரோப்பிய விதிப்படி, தனியே விற்கப்படும் பிளேயரின் வெளியீடு 150 மில்லிவோல்ட்டைத் தாண்டக்கூடாது. அந்தச் சந்தைக்கும் சேர்த்துத் தயாரான பிளேயர்களில் வால்யூம் வரம்பு என்றோ, எந்தப் பிராந்தியம் என்றோ ஒரு தேர்வு இருக்கும். ஐரோப்பா என்று அமைந்திருந்தால் அரை வோல்ட் தரக்கூடிய கருவியிலிருந்து 10 டெசிபெல் சும்மாவே பறிபோயிருக்கும். சான்சா பிளேயர்களிலும் இந்தத் தேர்வு இருந்தது. உங்களுடையதில் இருக்கிறதா என்று தேட இரண்டு நிமிடம் போதும், செலவும் இல்லை.

அடுத்து மகனுடைய இயர்போன். விலை உயர்ந்தது என்கிறீர்கள். ஒவ்வொரு காதிலும் பேலன்ஸ்ட் ஆர்மேச்சர் எனப்படும் மிகச் சிறிய ஒலிப்பான்கள் இரண்டு மூன்று அடுக்கிய ரகமாக இருக்கலாம். அவை மிகக் கூர்மையானவை. 1 மில்லிவாட்டுக்கு 115 டெசிபெல் எழுப்புபவையும் உண்டு. எந்தப் பிளேயரிலும் மின்சுற்றுக்கே உரிய மெல்லிய இரைச்சல் கொஞ்சம் இருக்கும். உங்கள் 250 ஓம் ஹெட்போன் அதைக் கண்டுகொள்ளாது. இந்த இயர்போன் அதைத் துல்லியமாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரைச்சல் பதிவில் இருக்கிறதா, பிளேயரில் இருக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. பாட்டை ஓடவிட்டு வால்யூமைப் படிப்படியாகக் குறையுங்கள். பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் குறைந்தால் அது பழைய கேசட்டிலிருந்து ஏறியது. பிளேயர் குற்றவாளி அல்ல. பாட்டு முற்றிலும் அடங்கிய பிறகும் 'ஸ்ஸ்' அப்படியே நின்றால் அது பிளேயருடையது. பிறகு பாட்டை நிறுத்திவிட்டுச் சில நொடிகள் காத்திருங்கள். சில பிளேயர்களில் 'டக்' என்று ஒரு சிறு ஓசை கேட்டு, அந்த இரைச்சலும் அறுந்துபோகும். மின்கலத்தை மிச்சப்படுத்த ஆம்ப்ளிஃபயர் பகுதியைக் கருவி தானாகவே அணைக்கும் ஓசை அது. அந்த இடத்தில் உங்கள் சந்தேகம் முழுதாகத் தீர்ந்துவிடும்.

குரல் மாறி ஒலிப்பது வேறு கதை. இங்கேதான் இம்பீடன்ஸ் வருகிறது. இயர்போனின் அட்டையில் 20 ஓம் என்று ஒரே எண் போட்டிருந்தாலும், ஆர்மேச்சர் ரகத்தில் அது சுருதிக்குச் சுருதி மாறும். ஓரிடத்தில் 8 ஓம், இன்னோர் இடத்தில் 60 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பிளேயரின் வெளியீட்டு இம்பீடன்ஸ் 10 ஓம் என்றால், 8 ஓம் இருக்கும் இடத்தில் 7 டெசிபெல் இழப்பு. 60 ஓம் இருக்கும் இடத்தில் ஒன்றேகால் டெசிபெல் சொச்சம். நீங்கள் கேட்காமலேயே யாரோ ஈக்வலைசரைத் திருகிவிட்டதுபோல் ஆறு டெசிபெல்லுக்குக் கொஞ்சம் குறைவான மேடுபள்ளம் பாட்டில் விழுந்துவிடுகிறது. பெண் குரல் கூர்ந்தும் ஆண் குரல் மெலிந்தும் கேட்கலாம், அல்லது நேர்மாறாக. வெளியீடு 1 ஓம் ஆக இருந்தால் இதே இயர்போனில் இந்த வேறுபாடு ஒரு டெசிபெல்லைத் தாண்டாது. காதுக்கு அநேகமாகத் தெரியாது. ஹெட்போனின் இம்பீடன்ஸ் பிளேயருடையதைப்போல் எட்டு மடங்காவது இருக்கட்டும் என்று ஒலித்துறையில் சொல்லும் விதி இதிலிருந்து வந்ததுதான்.

உங்கள் பிளேயரின் வெளியீடு 1 ஓமா 10 ஓமா என்று அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் இல்லை. ஒற்றை டைனமிக் ஒலிப்பான் உள்ள சாதாரண இயர்போன்களில் இம்பீடன்ஸ் ஏறக்குறைய ஒரே அளவாக நிற்கும். இழப்பும் எல்லாச் சுருதிகளுக்கும் ஒன்றுபோல இருக்கும். வால்யூமை ஒரு படி கூட்டினால் கணக்கு நேராகிவிடும். மகனுடையதை மகனிடமே கொடுத்துவிடுங்கள். அது மோசம் என்பதால் அல்ல, இந்தப் பிளேயருக்கு ஏற்ற துணை அது அல்ல என்பதால்.

இனி தொப்பி. மூன்று குறைகளில் எனக்கு இதுதான் பெரியதாகப் படுகிறது. தொப்பியைக் கையால் அழுத்தி எழுப்பும் கும்கி இல்லாத மிருதங்கத்தோடு கச்சேரி கேட்பதைவிடக் கேட்காமலே இருந்துவிடலாம்.

பிளேயரோடு இலவசமாக வரும் இயர்போன் பெரும்பாலும் காதின் வாயிலில் சும்மா உட்காரும் பிளாஸ்டிக் வில்லை. காதுத் துளையை அது அடைப்பதில்லை. மேல்சுருதிகள் எப்படியோ உள்ளே போய்விடும். கீழ்ச்சுருதிகள் இடுக்கு வழியே வெளியேறிவிடும். இதைச் சோதிக்க, கும்கி நிறைந்த ஒரு பகுதியை ஓடவிட்டு, இரண்டு காதிலும் இயர்போனை விரலால் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். தொப்பி திடீரென்று எழுந்து வந்தால் பிளேயரில் எந்தக் குறையும் இல்லை, அடைப்புதான் போதவில்லை. பத்தில் எட்டுப் பேருடைய புகார் இந்த இடத்திலேயே முடிந்துவிடும் என்பது என் கணிப்பு. சிலிக்கோன் முனை உள்ள இயர்போன் வாங்கினாலும் இதே விதிதான். பெட்டியில் மூன்று அளவு முனைகள் வரும். பலரும் மாட்டியிருப்பதை மாற்றுவதே இல்லை. மூன்றையும் போட்டுப் பாருங்கள். இடக் காதுக்கு ஓர் அளவும் வலக் காதுக்கு ஓர் அளவும் பொருந்தினால் குழம்ப வேண்டாம், அது சகஜம்.

அழுத்திப் பிடித்தும் தொப்பி வரவில்லை என்றால்தான் பிளேயரின் உள்ளே பார்க்க வேண்டும். பழைய வடிவமைப்புள்ள மலிவுப் பிளேயர்களில் ஹெட்போனுக்குப் போகும் வழியில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். நேர்மின்னோட்டம் ஹெட்போனுக்குள் போய்விடாமல் தடுப்பது அதன் வேலை. கூடவே கீழ்ச்சுருதிகளையும் கொஞ்சம் தடுக்கும். எந்த அளவுக்கு என்பதை ஹெட்போனின் இம்பீடன்ஸ் தீர்மானிக்கிறது. 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருடன் 16 ஓம் இயர்போன் சேர்ந்தால் 100 ஹெர்ட்ஸிலேயே ஒலி 3 டெசிபெல் சரிந்து, அதற்குக் கீழே மேலும் மேலும் இறங்கிவிடும். 32 ஓம் என்றால் அந்தச் சரிவு 50 ஹெர்ட்ஸுக்குத் தள்ளிப்போகும். 250 ஓம் என்றால் 6 ஹெர்ட்ஸ். அங்கே மனிதக் காதுக்கு வேலையே இல்லை. இப்போதைய சில்லுகள் பலவற்றில் இந்தக் கெப்பாசிட்டர் கிடையாது. ஆனால் உங்கள் கருவியில் எது இருந்தாலும் 32 ஓம் இயர்போன் 16 ஓமைவிடப் பாதுகாப்பான தேர்வு.

கீழ்ச்சுருதியைத் தூக்கிவிடும் பாஸ் பூஸ்ட் பொத்தானை நம்பாதீர்கள். 6 டெசிபெல் தூக்கிவிட்டு மொத்த வால்யூமைக் குறைக்காத கருவிகள் உண்டு. அவற்றில் ஒவ்வொரு கும்கியும் உச்சத்தில் முட்டிக் கரகரக்கும். இயர்போன்களை ஒப்பிடும்போது ஒலியளவைக் காதால் சமப்படுத்திவிட்டு ஒப்பிடுங்கள். ஒலி குறையக் குறைய நம் காது கீழ்ச்சுருதியை இழக்கிறது என்பதை 1933-லேயே ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிவிட்டார்கள். கொஞ்சம் பலமாக ஒலிப்பதை 'நன்றாக இருக்கிறது' என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். கடைகளில் நடப்பது பெரும்பாலும் அதுவே.

வாங்கவேண்டியது: ஒற்றை டைனமிக் ஒலிப்பான், 32 ஓமை ஒட்டிய இம்பீடன்ஸ், 1 மில்லிவாட்டுக்கு 100 டெசிபெல்லுக்குக் குறையாத உணர்திறன், காதை அடைக்கும் சிலிக்கோன் முனை. உங்கள் அரை வோல்ட் அதில் 109 டெசிபெல் எழுப்பும். கச்சேரியின் சராசரி 89 வரை வரும். பஸ்ஸுக்கும் போதும், மிச்சமும் இருக்கும். அட்டையில் உணர்திறனைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை: சிலர் மில்லிவாட்டுக்கு எழுதுகிறார்கள், சிலர் வோல்ட்டுக்கு எழுதுகிறார்கள். 32 ஓம் இயர்போனில் இரண்டுக்கும் 15 டெசிபெல் வித்தியாசம். சென்ஹைசர் எச்டி 650-க்குச் சொல்லப்படும் 103 என்பது வோல்ட்டுக்கு. அதைப் பார்த்து ஏமாந்து சிறிய பிளேயரில் மாட்டினால் உங்கள் 250 ஓம் கதைதான் மறுபடியும். நடைப்பயிற்சிக்கு மட்டும் என்றால், வாகனச் சத்தமும் காதில் விழவேண்டும் என்பதால், 1984 முதல் விற்பனையில் உள்ள காஸ் போர்ட்டா புரோ போன்ற திறந்த ரகம் நல்லது. 60 ஓம்தான் என்றாலும் 101 டெசிபெல் உணர்திறன் இருப்பதால் அரை வோல்ட்டுக்கு இணங்கிப் பாடும். பஸ்ஸுக்கு அது ஆகாது.

மைக் வைத்த இயர்போனை வாங்கினால், பிளேயரில் செருகியதும் வாத்தியங்கள் கேட்டுக் குரல் மட்டும் கிணற்றுக்குள் போனதுபோல் ஒலிக்கிறதா என்று கவனியுங்கள். அதன் பிளக்கில் நான்கு இணைப்புப் பகுதிகள். பிளேயரின் துளை மூன்றுக்கானது. தரை இணைப்பு சரியாகப் படியாமல், இரு பக்கமும் பொதுவாக இருக்கும் குரல் அடிபட்டுப்போகிறது. பிளக்கை ஒரு மில்லிமீட்டர் வெளியே இழுத்துப் பாருங்கள். குரல் திரும்பினால் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள், மைக் இல்லாததாகவே.

ஒலியளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு உலக சுகாதார அமைப்பு சொல்லும் வரம்பு 80 டெசிபெல். 90 என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். காது நன்றாக அடைபட்டால் வால்யூமைக் குறைத்தே கேட்கலாம். அந்தச் சிலிக்கோன் முனைக்காக நான் இவ்வளவு வாதாடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஃபிளாக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எம்பி3-இல் ஒருமுறை உதறிய விவரம் ஃபிளாக்காக மாற்றுவதால் திரும்பி வராது. கோப்பின் அளவுதான் பெருகும். சிடி கைவசம் இருந்தால் அதிலிருந்து நேரடியாக ஃபிளாக் எடுங்கள். இல்லையென்றால் இருக்கும் எம்பி3 அப்படியே இருக்கட்டும்.