கேயாஸ் கோட்பாட்டை வைத்துப் படங்களைப் பத்திரமாக மறையாக்கம் செய்ய முடியுமா?

படத்தை அடையாளம் தெரியாமல் குலைப்பது சுலபம். பத்திரமா என்பதற்கு, என் இறுதியாண்டு ப்ராஜெக்ட் கதையைச் சொல்கிறேன்.

கேயாஸ் என்றால், தொடக்கத்தில் துளி மாறினாலும் விளைவு முற்றிலும் மாறிப்போகும் கணக்குகள். அதில் நான் எடுத்தது லாஜிஸ்டிக் மேப். 0-க்கும் 1-க்கும் நடுவே ஓர் எண்ணை எடுத்து, அதை 1-லிருந்து கழித்து வரும் மீதியோடு பெருக்கி, அப்புறம் 4-ஆல் பெருக்க வேண்டும். வரும் விடையை மறுபடி அதே கணக்கில் போட வேண்டும், அவ்வளவுதான். தொடக்க எண்ணின் பத்தாவது தசம இலக்கம் மாறினால்கூட, நாற்பது சுற்றுக்குள் இரண்டு வரிசைகளுக்கும் சம்பந்தமே இருக்காது. ஒவ்வொரு விடையின் கடைசி இலக்கங்களிலிருந்து 0 முதல் 255 வரை ஓர் எண் எடுத்து, பிக்சலோடு எக்ஸார் செய்தேன் (இரண்டு எண்களின் பிட்களை ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒன்றாக இருந்தால் 0 போடுவது; அதே எண்ணோடு மறுபடி செய்தால் பழையது திரும்பி வரும்). தொடக்க எண்தான் ரகசியச் சாவி. படம் வெறும் புள்ளி மழையாகிவிட்டது, ஹிஸ்டோகிராமும் (எந்தப் பிக்சல் அளவு எத்தனை முறை வருகிறது என்று காட்டும் வரைபடம்) சமதளம். எனக்கு ஏகப் பெருமை.

சீனியர் ஒருவர் முழுக்கக் கறுப்பான ஒரு படத்தைக் கொடுத்து, "இதையும் பண்ணு" என்றார். கறுப்பு பிக்சல் என்றால் 0. எதை 0-வோடு எக்ஸார் செய்தாலும் அதுவேதான் வரும். ஆக, வெளியே வந்தது என் ரகசிய வரிசையே. அதை எடுத்து நான் முன்பு மறைத்த படத்தின் மேல் போட்டார், படம் பளிச்சென்று வந்துவிட்டது. சாவியைக் கேட்கவே இல்லை.

நியாயமாகப் பார்த்தால் அது கேயாஸின் குற்றமில்லை. எல்லாப் படத்துக்கும் ஒரே வரிசையைப் பயன்படுத்தியது என் தப்பு. உலகமே நம்பும் மறையாக்க முறையான ஏஇஎஸ்-ஐக் கவுண்டர் முறையில் (அதுவும் இப்படி ஒரு ரகசிய வரிசையை உண்டாக்கி எக்ஸார் செய்வதுதான்) அப்படிப் பயன்படுத்தினாலும் இதே கதிதான்.

கேயாஸுக்கே உரிய தொல்லைகள் வேறு. கோட்பாடு முடிவில்லாத தசமங்களை நம்புகிறது, கணினி தசம எண்களை வைக்கும் டபுள் என்ற வடிவத்திலோ 53 பிட் துல்லியம்தான். அதனால் வரிசை என்றாவது ஒருநாள் சுழற்சியில் விழும். 0.5-ஐச் சாவியாக வைத்தால் அடுத்தது 1, அதற்கடுத்து 0, பிறகு எப்போதும் 0. இன்னொரு கணினியில் கடைசி பிட் வேறு மாதிரி முழுமையாக்கப்பட்டால், சரியான சாவி இருந்தும் படம் திரும்ப வராது. லேபில் இதோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினேன்.

பிக்சல்களை இடம் மாற்ற அர்னால்டின் பூனை மேப் என்ற இன்னொரு கேயாஸ் கணக்கைச் சேர்ப்பார்கள். 124-க்கு 124 படத்தை 15 முறை கலைத்தால் பழைய படமே வந்து நிற்கும்! மூலை பிக்சல் அசைவதே இல்லை.

நிஜமாகவே மறைக்க வேண்டிய படம் என்றால் ஏஇஎஸ்-ஜிசிஎம் (ஏஇஎஸ்-ஐப் பயன்படுத்தும் ஒரு முறை) போதும், ஒவ்வொரு முறையும் புது நான்ஸ் (ஒரே முறை பயன்படுத்தும் எண்) கொடுங்கள். ப்ராஜெக்ட்டுக்குத்தான் என்றால் கேயாஸ் சுவாரசியமான தலைப்பு, தாராளமாகச் செய்யுங்கள். சோதனைப் பட்டியலில் கறுப்புப் படத்தையும் சேருங்கள். என் அறிக்கையில் அது இல்லை.