‘டிக்’ என்ற சத்தம் கேட்டால் செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்று பொருளா?

உங்களுடைய பதினைந்து ஆண்டுப் பழைய பைக்கில் பட்டனை அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம் மட்டும் வருகிறது, மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை. நான் மெக்கானிக்கும் இல்லை. ஆனாலும் இதே ‘டிக்’ சத்தத்திற்குத் தேவையில்லாமல் ஒரு பேட்டரி வாங்கியவன் என்ற முறையில், மோட்டாரைக் கழற்ற விடுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்கிறேன்.

என் வண்டி 2008-இல் வாங்கிய 150 சிசி. வீடு முட்டத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், வேலை நாகர்கோவிலில். ஓர் ஐப்பசி மழை நாளில் வடசேரியில் வண்டி கிளம்பவில்லை. ஹார்ன் நன்றாக அடித்தது, விளக்கும் எரிந்தது, பட்டனை அழுத்தினால் ‘டிக்’ மட்டும். கிக்கரை உதைத்தால் போகிறது, இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று யாரேனும் கேட்பீர்கள். முழங்கால் ஜவ்வு கிழிந்தவனிடம் அதைக் கேட்காதீர்கள்.

அருகிலிருந்த ஒர்க்‌ஷாப்பில் பேட்டரி போய்விட்டது என்று சொல்லிப் புதியதை மாட்டினார்கள். செல்ஃப் உடனே எடுத்தது, நானும் நம்பிவிட்டேன். பதினைந்து நாள் கழித்து மறுபடியும் அதே ‘டிக்’. இரண்டாவது ஒர்க்‌ஷாப்பில், பட்டனை அழுத்தியதும் ‘டிக்’ என்று மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேயைத் தட்டிப் பார்த்துவிட்டு, மோட்டாரை மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள்.

நல்ல வேளையாக, விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் அன்று வீட்டிற்கு வந்திருந்தான். “அண்ணே, எர்த்தைப் பாத்தியளா?” என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. பேட்டரியின் நெகட்டிவை எஞ்சினோடு இணைக்கும் தடித்த ஒயர்தான் எர்த். படகுகளில் உப்புக்காற்று முதலில் தின்பது அந்த இணைப்பைத்தான் என்றான். வண்டியை நியூட்ரலில் வைத்து, மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் திருப்பி, முதலில் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தான்: சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட். பட்டனை அழுத்தச் சொன்னான். 11-க்குச் சற்றுக் கீழே இறங்கியது. இந்த நேரத்தில் 9.5 வோல்ட்டுக்கும் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டுமாம். அடுத்து ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், மற்றொன்றைப் பெயின்ட் இல்லாத எஞ்சின் போல்ட்டிலும் வைத்து மறுபடி அழுத்தச் சொன்னான். அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாத அந்த இடத்தில் 8 வோல்ட் காட்டியது. அதாவது, பேட்டரி கொடுத்ததில் பெரும்பகுதியை எர்த் ஒயரே விழுங்கிவிட்டு, மோட்டாருக்கு 3 வோல்ட்டைக்கூட முழுதாக விடவில்லை.

ஹார்ன் அடித்தது ஏன் என்கிறீர்களா? அதற்குச் சில ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டாருக்குப் பல பத்து ஆம்பியர் வேண்டும். தவிர, என் வண்டியில் ஹார்னும் விளக்கும் எஞ்சினுக்குப் போகும் அந்தத் தடித்த எர்த் ஒயரை நம்பியிருக்கவில்லை. ஹார்னை அடித்துப் பார்த்து பேட்டரியையோ ஒயரையோ நல்லது என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றியபோது, ஒயர் நுனியில் இருக்கும் உலோக வளையமான லக்கின் அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி படிந்திருந்தது. உறைக்குள்ளே செம்புக் கம்பி கறுத்துப் போயிருந்தது. பேட்டரி மாற்றியபோது அந்த ஒயரை அசைத்ததால்தான் பதினைந்து நாள் உயிர் வந்திருக்கிறது. அதே தடிமனில் புது ஒயர் போட்டு, எஞ்சினில் அது அமரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, முறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசினோம். செலவு நூறு ரூபாயைத் தாண்டவில்லை.

உங்கள் வண்டியில் எர்த் சரியாக இருந்தால், இதே முறையில் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து மோட்டாரின் முனை வரை அளந்து பாருங்கள். அங்கே வோல்ட் தொலைந்தால் ரிலேயின் உள்முனைகள் கருகியிருக்கலாம், அல்லது அந்தப் பக்கத்து ஒயர் இணைப்பு கெட்டிருக்கலாம். இரு பக்கமும் சரியாக இருந்து, மோட்டாருக்கு முழு வோல்ட் வந்தும் அது சுழலாவிட்டால் மட்டுமே, மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். அதிலும் பிரஷ் தேய்ந்ததற்கு முழு மோட்டாரையும் மாற்ற வேண்டியதில்லை. ‘டிக்’கே வராவிட்டால் கிளட்ச் சுவிட்ச், ஃபியூஸ், பட்டன் என்று வேறு வழியில் தேட வேண்டும். மோட்டார் மட்டும் விர்ரென்று சுழன்று எஞ்சின் திரும்பாவிட்டால், மோட்டாரின் சுழற்சியை எஞ்சினுக்குக் கடத்தும் ஒன்வே கிளட்ச்சைப் பார்க்க வேண்டும். ரிலேயின் இரு முனைகளையும் ஸ்குரூடிரைவரால் இணைத்துப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். பெட்ரோல் டேங்கிற்கு அடியில் தீப்பொறி பறக்கும் அந்த வேலையை நான் சொல்ல மாட்டேன்.

மெக்கானிக் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அளந்து பார்த்து வேலை செய்பவர்கள் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். என் ஆதங்கம் வேறு. மாற்றிய பொருளை நம் கையில் தருவதில்லையே, அதுதான். போய்விட்டது என்று சொன்ன மோட்டார் இன்றும் என் வண்டியில் சுழல்கிறது. போய்விட்டது என்று சொன்ன அந்தப் பேட்டரி எங்கே சுழல்கிறதோ, அதற்குக் கழித்துக்கொள்வதாகச் சொன்ன பணமும் வரவில்லை.