லோடு வண்டி வாங்குமுன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை லோடு வண்டிக் கேள்விகள். தோப்பு, பனியன் கம்பெனி, கோழிப்பண்ணை, மளிகைக் கடை என்று தொழில் வேறாக இருந்தாலும் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: விலை குறைந்த, வம்பு செய்யாத வண்டி எது? கார் பற்றி எழுதியவர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். இளநீரைக் கோவைக்கு அனுப்பக் குட்டி யானை போதுமா, பொலீரோ பிக்கப் எடுக்க வேண்டுமா?
– பொள்ளாச்சி வாசகர்

எடை போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு பச்சை இளநீர் இரண்டு கிலோ என்று வைத்துக்கொண்டால் 500 காய் ஒரு டன். குட்டி யானை என்று நாம் அழைக்கும் டாடா ஏஸ் ரக வண்டி சுமார் 750 கிலோ ஏற்றும். அதாவது 375 காய். காய் சரியாமல் இருக்க இரும்புக் கூண்டு கட்டினால் அதன் எடையும் இந்தக் கணக்கிலிருந்துதான் கழியும். கூண்டு 100 கிலோ என்றால் 50 காய் குறைந்தது. கூண்டு கட்டும் பட்டறையில் இதை யாரும் சொல்வதில்லை. அசோக் லேலண்ட் தோஸ்த் ரகம் ஒன்றேகால் டன் அளவில் தொடங்குகிறது. பொலீரோ பிக்கப்பில் 1.3 டன், 1.7 டன் என்று தனித்தனி மாடல்கள் உண்டு.

இப்போது உங்கள் வெட்டுக் கணக்கை எடுங்கள். வழக்கமாக 300 காய், வெயில் காலத்தில் சில நாள் மட்டும் 800 என்றால் ஏஸ் வாங்கிக்கொண்டு, அந்தச் சில நாளுக்கு வாடகை வண்டி பிடியுங்கள். நாள்தோறும் 500-க்கு மேல் போகிறது என்றால் ஏஸ் பக்கமே போக வேண்டாம்; ஓராண்டுக்குள் கிளட்சும் டயரும் பழிவாங்கிவிடும். எப்போதோ வரும் பாரத்துக்காகப் பெரிய வண்டி வாங்கி, மீதி நாளெல்லாம் காலித் தொட்டியை இழுத்துக்கொண்டு திரிவது நம் பக்கம் அதிகம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாங்கிவிட்டார் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மட்டை, நார் ஏற்றுபவர்களுக்குக் கணக்கு வேறு. எடை இராது, இடத்தை அடைக்கும். அவர்களுக்குத் தொட்டியின் நீளமும் அகலமும்தான் முக்கியம். ஷோரூமுக்குப் போகும்போது அளவு நாடாவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பின்னால் இரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டால் இரண்டு டன் வரை ஏற்றலாம் என்கிறார் பட்டறைக்காரர். செய்யலாமா?
– வெள்ளக்கோவில் வாசகர்

வேண்டாம். பட்டை தாங்கும்; அச்சு, பேரிங், டயர், பிரேக், சேஸ் என்ற அடிச்சட்டம் எல்லாம் பழையவைதானே? பாரம் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது விறைத்த பட்டை பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். மழை நாளில் வளைவில் சக்கரம் பிடிமானம் இழக்கும். பிடிபட்டால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், கூடவே அதிகப்படி சரக்கை அங்கேயே இறக்கும் கூலி.

துணி ரோல் ஏற்றும் பிஎஸ்-6 டீசல் வண்டி. அடிக்கடி மஞ்சள் விளக்கு எரிகிறது. சர்வீஸ் முடித்து வந்தால் இரண்டு வாரத்தில் மறுபடியும் எரிகிறது.
– திருப்பூர் வாசகர்

வண்டியில் கோளாறு இருக்க வேண்டிய அவசியமில்லை. நீங்கள் ஓட்டும் விதத்துக்கு அந்த எஞ்சின் பொருந்தவில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் பெரும்பாலான டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. சேர்ந்த கரி எரிந்து போக நல்ல சூடு வேண்டும். சூடு ஏறச் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். நிட்டிங்கிலிருந்து டையிங், டையிங்கிலிருந்து காம்பேக்டிங் என்று இரண்டு மூன்று கிலோமீட்டராக, நடுவில் நெரிசலில் நின்று நின்று போனால் அது எப்படி எரியும்? வாரம் ஒருமுறையாவது அவிநாசி வரை நெடுஞ்சாலையில் நிறுத்தாமல் ஓட்டிவிட்டு வாருங்கள். விளக்கு எரிந்த பிறகும் வாரக்கணக்கில் ஓட்டினால் வடிகட்டியையே மாற்ற வேண்டி வரும். விலை கையைக் கடிக்கும்.

அடுத்த வண்டி எடுக்கும்போது டீசல் என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்குப் பெட்ரோலோ சிஎன்ஜி எரிவாயுவோ போதும். மாருதி சூப்பர் கேரி, ஏஸின் பெட்ரோல் வகைகள் எல்லாம் இந்த வேலைக்கென்றே வந்தவை. பங்க் வழியில் இருந்தால் சிஎன்ஜி. இல்லாவிட்டால் அதற்காகச் சுற்றுவதில் மிச்சம் கரைந்துவிடும்.

பழைய வண்டி விற்கும் கன்சல்டிங்கில் 2018 மாடல் பிக்கப் ஒன்று பார்த்திருக்கிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
– கோபி வாசகர்

பளபளப்பைப் பார்க்காமல் கீழே குனிந்து பாருங்கள். பின்பட்டையின் ஷேக்கிள் என்ற இணைப்பு சேஸில் பிடிக்கும் இடம்தான் லோடு வண்டியின் ஜாதகம். அங்கே வெல்டிங் தழும்பு இருந்தாலும், மற்ற இடமெல்லாம் மங்கிக் கிடக்க அங்கே மட்டும் புதுக் கறுப்புப் பெயிண்ட் இருந்தாலும், பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். அடுத்து தொட்டி. விரிப்பைத் தூக்கச் சொல்லி மூலைகளில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். யூரியா மூட்டையும் கோழி எருவும் ஏற்றிய வண்டியில் தகடு மேலே நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் அடியில் பொரிந்திருக்கும். பல்லடம், நாமக்கல் பக்கத்து வண்டி என்றால் கூடுதலாகக் குத்துங்கள்.

மீட்டர் 60,000 காட்டி, கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் ரப்பரை நம்புங்கள். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்ய வேண்டும். காலையில் போகும்போதே சூடாக இருந்தால் மறுநாள் சொல்லாமல் போங்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வருகிறதா என்று பாருங்கள்.

காகிதத்தில் இரண்டு விஷயம். ஆர்.சி.யில் பைனான்ஸ்காரர் பெயர் நீக்கப்பட்டிருக்க வேண்டும். பிறகு எடுத்துத் தருகிறேன் என்றால் பணத்தையும் பிறகே கொடுங்கள். மற்றொன்று எஃப்.சி. என்ற தகுதிச் சான்று. எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும். 2018 மாடலுக்கு அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேச வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் புதுச் சரக்கு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததையும் நினைவூட்டுங்கள். புதிது இறங்கியும் பழையது இறங்கமாட்டேன் என்றால் என்ன நியாயம்?

கார் லைசென்ஸ் போதுமா? பெர்மிட் வேண்டுமா?
– பெருந்துறை வாசகர்

வண்டியும் பாரமும் சேர்ந்த மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத வண்டிக்கு இலகுரக வாகன லைசென்ஸ் போதும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே உறுதி செய்துவிட்டது. பெர்மிட், மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டினால்தான். ஏஸ் ரகத்துக்கு வேண்டியதில்லை, 1.7 டன் ஏற்றும் பிக்கப்புக்கு வேண்டும். மொத்த எடை ஆர்.சி.யிலேயே இருக்கும்.

தாளவாடியிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி இறங்குகிறோம். பாதி மலையில் பிரேக் பிடிப்பதில்லை.
– தாளவாடி வாசகர்

திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவிலும் காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால் எந்த வண்டியிலும் இதுதான் நடக்கும். பிரேக் லைனிங் சூடேறிப் பிடிமானம் போய்விடுகிறது. அதே பாரத்தோடு எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே பிடித்துக்கொள்ளும், பிரேக்கை வளைவுக்கு முன் அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தினால் போதும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர் யாராவது உங்கள் டிரைவர்களில் இருந்தால் முதலில் அவரிடமிருந்து சாவியை வாங்குங்கள். பிரேக் ஆயிலையும் மாற்றுங்கள். ஈரம் ஏறிய பழைய ஆயில் சூட்டில் கொதித்து, பெடல் தரை வரை இறங்கும்.

அமெரிக்காவில் கையால் சுற்றும் ஜன்னலோடு மலிவான பிக்கப் வருகிறதாமே? இங்கு வருமா?
– கோவைக் கல்லூரி மாணவர்

ஸ்லேட் என்ற மின்சார வண்டியைச் சொல்கிறீர்கள். 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். பெயிண்ட் கிடையாது, ரேடியோ கிடையாது, இரண்டு இருக்கை. அங்கே இது செய்தியாவதற்குக் காரணம் உண்டு. 1964 முதல் வெளிநாட்டுச் சரக்கு வண்டிக்கு 25 சதவீத இறக்குமதி வரி. உள்ளூர் நிறுவனங்களோ லாபம் பார்த்துப் பிக்கப்பை வீடு போலப் பெரிதாக்கிவிட்டன. சின்ன வண்டி வேண்டுமென்பவர்கள் 25 வயது கடந்த ஜப்பானிய 660 சிசி குட்டி லாரிகளை இறக்குமதி செய்து ஓட்டுகிறார்கள்.

ஸ்லேட் ஏற்றும் பாரம் சுமார் 650 கிலோ. 2025 ஜூனில் இங்கே வந்த ஏஸ் ப்ரோ 750 கிலோ ஏற்றும். வந்தபோது தொடக்க விலை நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நீங்கள் ஏன் அங்கே பார்க்கிறீர்கள்? அவர்கள்தான் இங்கே பார்க்க வேண்டும். நெடுஞ்சாலைப் பாதுகாப்பில் மட்டும் அவர்கள் நம்மைவிட மேல், அதை மறுக்கவில்லை.

குலதெய்வக் கோவிலுக்குக் கிடா வெட்டுக்குப் போகப் பிக்கப்பில் சொந்தக்காரர்களை ஏற்றலாமா?
– தாராபுரம் வாசகர்

கூடாது. தொட்டியில் ஆள் ஏற்றுவது குற்றம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனமும் கைவிரிக்கும். கிடாய் பிக்கப்பில் வரட்டும். ஆட்களுக்கு வேன் பிடித்துவிடுங்கள்.