ஒரு கட்டுரைக்கு 35 டாலரா?

இந்த மாதம் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த மூன்று கடிதங்கள், ஆய்வுக் கட்டுரைகளை அதிகச் செலவில்லாமல் படிப்பது எப்படி என்ற ஒரே சங்கதியைச் சுற்றியே இருக்கின்றன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பகுதிநேரமாக முதுகலை படிக்கிறேன். பிள்ளைகள் இரண்டு மொழிகளில் வாசிக்கக் கற்பது பற்றிய ஆய்வு. கூகுளில் தேடினால் சுருக்கம் மட்டும் காட்டிவிட்டு, முழுக் கட்டுரைக்கு 35 அமெரிக்க டாலர் கேட்கிறது. மேற்பார்வையாளரோ நிறையப் படிக்கச் சொல்கிறார். என் சம்பளத்துக்குக் கட்டுபடியாகுமா?

பதில்: ஒரு காசும் கட்டாதீர்கள் டீச்சர். அந்தப் பணத்தை ஏற்கனவே பருவக் கட்டணத்தில் கட்டிவிட்டீர்கள். பல்கலைக்கழக நூலகம் பதிப்பகங்களுக்கு ஆண்டுதோறும் சந்தா செலுத்துகிறது, பகுதிநேர மாணவருக்கும் அதில் பங்கு உண்டு. கூகுள் வழியாக நேரே பதிப்பகத்தின் பக்கத்துக்குப் போனால் நீங்கள் யாரென்று அதற்குத் தெரியாது, விலையைத்தான் காட்டும். நூலகத்தின் இணையப் பக்கத்தில் மாணவர் எண்ணைப் போட்டு நுழைந்து, அங்கிருந்து அதே கட்டுரையைத் தேடிப் பாருங்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுகிற ‘கூகுள் ஸ்காலர்’ தளத்தின் செட்டிங்ஸில் ‘லைப்ரரி லிங்க்ஸ்’ என்று ஓர் இடம் இருக்கிறது, அதில் உங்கள் பல்கலைக்கழகத்தைச் சேர்த்துவிட்டால், நூலகத்தில் இருக்கிற கட்டுரைக்குப் பக்கத்திலேயே அதன் இணைப்பும் வந்து நிற்கும்.

நூலகம் சந்தா கட்டாத இதழாக இருந்தால்? ஸ்காலரில் பல முடிவுகளுக்குக் கீழே ‘ஆல் வெர்ஷன்ஸ்’ என்று சிறிய எழுத்தில் இருக்கும், பலர் கண்ணில் அது படுவதே இல்லை. அதைத் தட்டினால் அதே கட்டுரையின் இன்னொரு பிரதி, ஆசிரியர் தன் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இலவசமாகப் போட்டுவைத்தது, பல தடவை கிடைத்துவிடும். உலாவியில் ‘அன்பேவால்’ நீட்சியைப் போட்டுக்கொண்டால் இந்தத் தேடலை அதுவே செய்யும். அப்படியும் கிடைக்காவிட்டால் நூலகரிடம் போய், வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். நம் ஊர்ப் பல்கலைக்கழக நூலகங்களுக்குள் அந்த ஏற்பாடு உண்டு, கேட்பவர்தான் குறைவு.

கட்டுரை எழுதியவருக்கே மின்னஞ்சல் போடுவதற்கு ஏன் இவ்வளவு கூச்சம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. நான் இன்ன ஊர் ஆசிரியை, இன்ன ஆய்வு செய்கிறேன், உங்கள் இன்ன கட்டுரை எனக்கு எட்டவில்லை, ஒரு பிரதி அனுப்ப முடியுமா – நாலு வரி போதும். அந்த 35 டாலரில் அவருக்குப் பங்கு எதுவும் போவதில்லை. தன் எழுத்தை ஒருவர் படிக்கக் கேட்கிறார் என்றால் பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியாகவே அனுப்புவார்கள்.

அப்புறம், ஆங்கிலக் கட்டுரைகளையே துரத்த வேண்டாம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் ‘தமிழ்ப் பேராய்வு’, தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகத்தின் (உப்சி) ‘வளர்தமிழ்’ இரண்டும் இணையத்தில் இலவசம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள், தமிழில் எழுதியவை உட்பட, ‘சோத்கங்கா’ தளத்தில் முழுசாகவே கிடைக்கின்றன.

கேள்வி: ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் தோட்டத்தின் வரலாற்றை எழுத ஆசை, குறிப்பாக நெருக்கடி காலத்தை. மாணவனும் இல்லை, விரிவுரையாளனும் இல்லை. எனக்கு யார் கதவைத் திறப்பார்கள்?

பதில்: 1948 ஜூன் 16-ஆம் தேதி உங்கள் ஊர்த் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்டுகளால் சுடப்பட்ட பிறகுதானே ஐயா நெருக்கடி நிலையே அறிவிக்கப்பட்டது. நீங்கள் எழுதாமல் வேறு யார் எழுதுவது? ஆய்விதழ்களைத் திரட்டி வைத்திருக்கிற ஜேஸ்டோர் தளத்தில் இலவசமாக ஒரு கணக்குத் தொடங்குங்கள், மின்னஞ்சல் முகவரி போதும். 30 நாளைக்கு 100 கட்டுரைகள் வரை திரையிலேயே படிக்கலாம், இறக்கிக்கொள்ளத்தான் முடியாது. புதிய இதழ்கள் அங்கே சில ஆண்டுகள் தாமதமாகவே வந்து சேரும், ஆனால் உங்களுக்கு வேண்டியது பழசுதானே. ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி மலேசியக் கிளையின் இதழும் அதில் இருக்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் ‘நியூஸ்பேப்பர் எஸ்ஜி’ தளத்தையும் விட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்து ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸை வீட்டிலிருந்தே பக்கம் பக்கமாகப் பார்க்கலாம், தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைத் தட்டினால் செய்தி தானாக வந்து விழும். எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

நம் தேசிய நூலகத்தில் மைகார்டைக் காட்டி உறுப்பினராகச் சேர்ந்தால் மின்னூல்களும் தரவுத்தளங்களும் கிடைக்கும். பல பல்கலைக்கழக நூலகங்கள் வெளியாட்களையும் கட்டணம் வாங்கிக்கொண்டு சேர்க்கின்றன. ஆனால் அவர்களுடைய மின்னிதழ்களை அங்கேயே கணினி முன் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும், வீட்டுக்கு வராது. அதனால் பஸ் ஏறுவதற்கு முன்பு போன் போட்டுக் கட்டணத்தையும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள், பென்டிரைவ் கொண்டுவரலாமா என்பதையும் சேர்த்து.

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மரத்தை அழுகவைக்கிற கனோடெர்மா நோய் பற்றிப் படிக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் ஐடியையும் பாஸ்வேர்டையும் மாதம் 20 வெள்ளிக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அது யாரோ ஒரு மாணவருடைய கணக்கு. நாலு பேர் ஒரே கணக்கில் நுழைந்து மூட்டை மூட்டையாக இறக்கினால் பதிப்பகம் கண்டுபிடித்துவிடும், சில சமயம் அந்தப் பல்கலைக்கழகம் முழுவதற்குமே வழியை அடைத்துவிடும். மாட்டிக்கொள்வது அந்தப் பிள்ளை, விற்றவர் குழுவை விட்டுப் போயிருப்பார். உங்களுக்கு அந்த 20 வெள்ளியும் தேவையில்லை, மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் நடத்துகிற ‘ஜர்னல் ஆஃப் ஆயில் பாம் ரிசர்ச்’ முழுவதும் இலவசம். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் கனோடெர்மா என்று தட்டுங்கள். இங்கிலீஷ் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தால் முதலில் சுருக்கத்தையும் முடிவுரையையும் படியுங்கள், நடுவில் இருக்கிற அட்டவணைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.