நெல்லைச் சீமையின் பழைய வரைபடத்தில் எங்கள் ஊர்க் குளத்தைத் தேடுவது எப்படி?

தாத்தா காலத்துக் குளம் பழைய வரைபடத்தில் இருக்குமா, புகைப்படமும் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரைபடம் கிடைக்க நல்ல வாய்ப்புண்டு. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தொடங்குங்கள்.

போவதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: அன்றைக்கு உங்கள் ஊர் யார் ஆட்சியில் இருந்தது? தூத்துக்குடி 1986-லும் தென்காசி 2019-லும்தான் நெல்லை மாவட்டத்திலிருந்து பிரிந்தன. அதனால் அந்த ஊர்களின் பழைய தாள்களையும் 'தின்னவேலி' (Tinnevelly, திருநெல்வேலிக்கு ஆங்கிலேயர் எழுதிய பெயர்) என்ற பெயரில்தான் தேட வேண்டும். செங்கோட்டை மட்டும் வேறு கதை. 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர்ப் பக்கம். அதற்கு முந்தைய ஆவணங்களுக்குத் திருவனந்தபுரத்தையும் பார்க்க வேண்டும். இது தெரியாமல் அலைந்து திரும்புகிறவர்களை நினைத்தால் மனசு கஷ்டப்படும்.

பழைய கிராம வரைபடங்கள் பலவும் ஒரு மைலுக்குப் பதினாறு அங்குலம் என்ற அளவில் வரைந்தவை. அதாவது வரைபடத்தில் ஓர் அங்குலம், நிலத்தில் ஐந்து சங்கிலி. நிலம் அளக்கும் சங்கிலி ஒன்று 66 அடி. குளத்தின் கரை, மடை, கால்வாய் எல்லாம் அந்த அளவில் தெளிவாகத் தெரியும். சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு இன்றைய புலப்படத்தோடு (அந்தச் சர்வே எண்ணுக்குரிய நில அளவைப் படம்) ஒப்பிடுங்கள். மறு அளவையில் எண் மாறியிருக்கலாம், ஆனால் கரையின் வளைவு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

புகைப்படங்கள் அரிது. பயணிகள் கோயிலையும் அருவியையும்தான் நாடினார்கள். பாபநாசம் அருவியைக்கூட ஆங்கிலேய ஓவியர்களான தாமஸ், வில்லியம் டேனியல்கள் 1792-இல் வந்து வரைந்தார்கள், புகைப்படம் பிறக்கும் முன்பே. சாதாரணக் குளத்தை யார் எடுத்தார்கள்! கோயில் படங்களின் பின்னணியை உற்றுப் பாருங்கள், சில சமயம் ஒரு ஓரத்தில் தண்ணீர் தெரியும்.