நேப்பிள்ஸ் பீட்சா: ஓரம் கருகல், நடுவில் ஈரம்

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு இத்தாலி போகிறோம். நேப்பிள்ஸில் உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் சின்ன பீட்சா கடை ஒன்றில் ஒரு வேளையாவது சாப்பிட ஆசை. போய் வந்த நண்பர், "ஓரமெல்லாம் கருகல், நடுவில் வேகவே இல்லை" என்று பயமுறுத்துகிறார். மாமியார் சுத்த சைவம். என்ன வாங்குவது? எப்படி நடந்துகொள்வது?

பதில்: நண்பர் பார்த்ததெல்லாம் சரி, ஆனால் அது குறை இல்லை. நேப்பிள்ஸ் பீட்சா அப்படித்தான் இருக்க வேண்டும். விறகடுப்புக்குள் வெப்பம் 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். உள்ளே போன பீட்சா ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் வெளியே வந்துவிடும். அந்தச் சூட்டில் ஓரம் குபுகுபுவென்று உப்பி, ஆங்காங்கே கரும்புள்ளி விழும். நடுவில் மாவு மெல்லியது. அது வெந்துதான் இருக்கும். தக்காளிச் சாறும் சீஸில் இருந்து வடிந்த நீரும் எண்ணெயும் சேர்ந்து அங்கே தேங்கி நிற்பதால் ஈரமாகத் தெரிகிறது. நெய் ரோஸ்ட் மாதிரி மொறுமொறுப்பை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். மொறுமொறுப்பு வேண்டுமென்றால் ரோமில் மெல்லிசாகத் தேய்த்துச் சுடும் பீட்சா இருக்கிறது, அங்கே சாப்பிடுங்கள்.

நேப்பிள்ஸில் இருந்த காலத்தில் என் வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கடை. அடுப்புக்குப் பக்கத்து மேசை காலியாக இருந்தால் அங்கேதான் உட்காருவேன். மாவு உருண்டையை விரல் நுனிகளால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்திக்கொண்டே போவார்கள். உள்ளிருக்கும் காற்று முழுக்க விளிம்புக்கு ஒதுங்கும். உப்பிய ஓரம் வருவது அதனால்தான். பூரிக்கட்டைக்கு அங்கே வேலையே இல்லை. அடுப்படியில் நிற்பவர் நீண்ட கரண்டியால் பீட்சாவைச் சுற்றித் திருப்பி, கடைசி சில நொடிகள் அடுப்பின் தரையிலிருந்து தூக்கிப் பிடிப்பார். இந்தக் கைத்திறனைத்தான் யுனெஸ்கோ 2017-இல் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. நீங்களும் அடுப்புப் பக்கமாகவே இடம் கேளுங்கள், குழந்தைகள் கண் இமைக்காமல் பார்ப்பார்கள்.

மாமியாருக்கு மரினாரா. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான், சீஸே கிடையாது. மரபுப்படி பிசைந்த மாவிலும் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர எதுவும் இல்லை. சீஸ் சாப்பிடுவார் என்றால் மார்கெரிட்டா (தக்காளியும் மொசரெல்லா சீஸும் போட்டது) வாங்கலாம். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: இத்தாலியின் பாரம்பரிய சீஸ்களில் பலவற்றுக்கு, எருமைப்பால் மொசரெல்லா, பார்மசான் உட்பட, கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டை ஊற்றித்தான் பாலைத் திரிக்கிறார்கள். அவருக்கு இது முக்கியமாக இருக்கலாம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதலில் வரும் பொரித்த பலகாரங்களிலும் கவனம் வேண்டும். உருளைக்கிழங்கு என்று நம்பிக் கடித்தால் உள்ளே பன்றி இறைச்சித் துண்டு இருக்கக்கூடும்.

மற்றவர்களும் முதல் தடவை இந்த இரண்டில் ஒன்றையே வாங்குங்கள் என்பேன். 1870-இல் தொடங்கிய டா மிக்கேலே என்ற கடை பெயர் வாங்கியதே இந்த இரண்டால்தான். மேலே பத்துப் பொருள் குவிந்துவிட்டால் மாவின் ருசியும் தக்காளியின் புளிப்பும் எங்கே தெரியப்போகிறது? காரம் வேண்டுமா, மிளகாய் ஊறிய எண்ணெய் இருக்கிறதா என்று கேளுங்கள், பல கடைகளில் கொண்டுவந்து வைப்பார்கள்.

ஆளுக்கு ஒரு பீட்சா, அதுதான் வழக்கம். நடுவில் ஒன்றை வைத்துப் பங்கு போடுவதில்லை. சின்னக் குழந்தைக்கு உங்கள் தட்டிலிருந்து கொடுத்தால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். துண்டு போடாமல் முழுசாகத்தான் வரும். தயவுசெய்து போட்டோ எடுத்துக்கொண்டே இருக்காதீர்கள்! ஐந்து நிமிடம் போனால் ஓரம் ரப்பராகிவிடும். எல்லோருக்கும் வரட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம், யாருக்கு முதலில் வருகிறதோ அவர் ஆரம்பிக்கட்டும்.

இரவில் எட்டரைக்கு மேல்தான் ஊர்க்காரர்கள் வருவார்கள். ஏழரைக்கே போய்விட்டால் சுலபமாக இடம் கிடைக்கும். தண்ணீர் பாட்டிலில்தான் வரும், அதற்குத் தனிக் காசு. பில்லில் கோபெர்த்தோ என்று தலைக்கு ஒன்றிரண்டு யூரோ சேர்ந்திருந்தால் பதற வேண்டாம். அது உட்கார்ந்து சாப்பிடும் கட்டணம், மெனுவிலேயே போட்டிருப்பார்கள். டிப்ஸ் கட்டாயமில்லை. அப்புறம், நீங்கள் கேட்காமல் பில் வராது. சாப்பிடுகிறவரைக் கிளப்புவது அங்கே மரியாதைக் குறைவு.

கேள்வி: கையால் சாப்பிடலாமா?

பதில்: தாராளமாக. மேசையில் பெரும்பாலோர் கத்தியும் முள்கரண்டியும் வைத்து ஆரம்பிப்பார்கள், நடுப்பகுதி ஈரமாக இருப்பதால் அதுதான் வசதி. ஓரத்துக்கு வந்ததும் கையால் பிய்த்துத் தட்டில் மிச்சமிருக்கும் தக்காளியைத் துடைத்துச் சாப்பிடுங்கள். தெருவில் வாங்கினால் நாலாக மடித்துக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள், அதை நின்றுகொண்டே சாப்பிட வேண்டியதுதான். கொஞ்சம் முன்னால் குனிந்துகொள்ளுங்கள், சூடான எண்ணெய் சட்டையில் வழியும்.