வாசகர் கேள்வி: ஓடுபாதையும் சால்மன் ஓடையும்

கேள்வி: அமெரிக்காவில் விமான நிலைய விரிவாக்கத்தை ஆராய்கையில் சால்மன் ஓடைகளுக்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது ஏன்? சீனன்குடா விமான நிலையத்தின் ஓடுபாதையை நீட்டினால் நாங்களும் மீனைப் பார்க்க வேண்டுமா?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: சால்மன் நன்னீர் ஓடையில் பிறந்து, கடலில் வளர்ந்து, பெரும்பாலும் பிறந்த ஓடைக்கே திரும்பி முட்டையிடும் மீன் என்பதால், அந்த ஓடை கெட்டால் கடல் நன்றாக இருந்தும் பயனில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள சியாட்டில்–டகோமா விமான நிலையத்தின் மூன்றாவது ஓடுபாதைக்காகப் பள்ளத்தாக்கை மண்ணிட்டு உயர்த்தியபோது, மில்லர் ஓடையின் ஒரு பகுதியைத் திசைதிருப்பவும் ஈரநிலங்களை நிரப்பவும் நேர்ந்தது. நிரப்பும் மண்ணின் தூய்மையும் ஓடையின் கோடைகால நீரோட்டமும் பற்றிய வழக்கு 2004இல் மாநில உச்ச நீதிமன்றம்வரை சென்றது. ஓடுபாதை 2008இல்தான் திறக்கப்பட்டது.

மழைநீர் மண்ணுள் இறங்காமல் ஓடுபாதையின் கொங்கிறீற்றில் வழிந்தோடினால், மாரியில் ஓடை அரிக்கப்படும், கோடையில் வற்றும். விமானங்களில் படியும் பனியை அகற்றத் தெளிக்கும் கிளைக்கோல் என்ற திரவம் ஓடையில் கலந்தால், நீரிலுள்ள ஒட்சிசனைக் குறைக்கிறது. டயர்த் துகள்களிலிருந்து உருவாகும் ஒரு வேதிப்பொருள் கோஹோ என்ற சால்மன் இனத்தைக் கொல்வது 2020இல் கண்டறியப்பட்டது.

நமக்குப் பனியுமில்லை, சால்மனுமில்லை. ஆனால் சீனன்குடாவுக்கு அருகே தம்பலகாமக் குடாவின் கண்டல்களும் இறாலும் உள்ளன. 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் தேசிய சுற்றாடல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு நடைமுறையின்படி, மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வரும்போது எழுத்தில் கருத்துச் சொல்லலாம். வடிகால் எங்கே முடிகிறது என்ற பக்கத்தையே முதலில் படியுங்கள்.